தேனீயின் பிசினும் மனிதனின் தோலும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பிசின். இத்தாலியத் தேனீப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சட்டங்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். இரும்புப் பட்டையால் நெம்பினால்தான் பெயரும். விரலில் பட்டால் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் எளிதில் போகாது. குளிரில் உடையும், வெயிலில் இளகும். பழுப்பு, பச்சை, சிவப்பு என்று ஊருக்கு ஊர் நிறம் மாறும். உலகம் இதைப் புரோபோலிஸ் என்கிறது. நாம் தேனீப் பிசின் என்போம்.

இந்தப் பிசின் இப்போது கடைக்கு வந்துவிட்டது. கிரீமாக, சீரமாக, சொட்டு மருந்தாக விற்கிறார்கள். 'வெயிலிலிருந்து தோலைக் காக்கும் இயற்கைக் கவசம்' என்று விளம்பரம் சொல்கிறது. நான் தோல் மருத்துவன். என்னிடம் வருகிறவர்கள், குறிப்பாக இளம் பெண்கள், "டாக்டர், சன்ஸ்கிரீனை நிறுத்திவிட்டு இதைப் பூசிக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு 'வேண்டாம்' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் காரணம் தெரியாமல் பெற்ற பதில் அடுத்த விளம்பரத்தைப் பார்க்கும்வரைதான் மனத்தில் நிற்கும். அதனால் காரணத்தைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேனீப் பிசின் நல்ல பொருள். வெயில் தோலுக்குள் உண்டாக்கும் தீங்கில் ஒரு பகுதியைத் தணிக்கும் ஆற்றல் அதற்கு இருக்கிறது என்று ஆய்வுக்கூடச் சான்றுகள் காட்டுகின்றன. ஆனால் வெயிலைத் தோலுக்கு வெளியிலேயே நிறுத்தும் வேலையை அதை நம்பி ஒப்படைக்க முடியாது. தடுப்பது வேறு, தணிப்பது வேறு. மழைக்குக் குடை பிடிக்கிறோம். நனைந்த பிறகு துண்டால் துவட்டுகிறோம். துண்டு நல்லதுதான் என்பதற்காகக் குடையை யாரும் தூக்கி எறிவதில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகும்.

முதலில், இந்தப் பிசின் எங்கிருந்து வருகிறது? தேனீ இதைத் தன் உடலில் சுரப்பதில்லை. மெழுகு அதன் வயிற்றுச் சுரப்பிகளில் ஊறுகிறது. பிசினோ மரம் செடிகளின் சொத்து. ஐரோப்பாவில் பாப்லர் மரத்தின் மொட்டுகள்மேல் ஒட்டும் பிசின் பூத்திருக்கும். தேனீ அதைத் தாடையால் கடித்து இழுத்து, மகரந்தம் சுமக்கும் பின்னங்கால் கூடையில் வைத்துக்கொண்டு கூடு திரும்புகிறது. மகரந்தத்தைத் தானே உதறி இறக்கிவிடும் தேனீ, பிசினை மட்டும் தனியாக இறக்க முடியாமல் காத்து நிற்கும். கூட்டுத் தேனீக்கள் வந்து கடித்துக் கடித்துப் பிடுங்கி எடுக்க வேண்டும். வெயில் ஏறிப் பிசின் இளகிய நேரத்தில்தான் இந்த வேலை நடக்கும். இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவரும் பொருளில் உணவு சிறிதும் இல்லை. ஆனாலும் கொண்டுவருகிறது என்றால் அதன் தேவை எவ்வளவு பெரியது என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தத் தேவை என்ன? மரப்பொந்தில் வாழும் தேனீக்கூட்டம் பொந்தின் உட்சுவர் முழுவதும் பிசினை மெழுகிவிடுகிறது. விரிசல்களை அடைக்கிறது, வாசலைக் குறுக்குகிறது. உள்ளே நுழைந்து செத்துப்போன எலியை வெளியே இழுத்துப்போட முடியாதபோது அதன் உடலையும் பிசினால் மூடிவிடுகிறது; உடல் அழுகி நோய் பரவாமல் உலர்ந்துபோகிறது. அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்லா ஸ்பிவாக், மைக்கேல் சிமோன் ஆகியோரின் குழு 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பிசின் பூசிய கூட்டில் வளர்ந்த தேனீக்களின் உடலில் நோயெதிர்ப்பு மண்டலம் குறைவாகவே உழைக்க வேண்டியிருந்தது என்று அது கண்டது. சுவரே கிருமியை அடக்கிவிட்டதால் உடலுக்குப் பாரம் குறைந்தது. பூஞ்சை நோய் தாக்கும்போது தேனீக்கள் கூடுதலாகப் பிசின் சேகரிக்கின்றன என்றும் அதே குழு பின்னர் காட்டியது. பல்லாயிரம் உயிர்கள் நெருக்கியடித்து வாழும் ஒரு வீட்டுக்கு இது பொதுச் சுகாதார ஏற்பாடு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தேன்கூட்டின் உட்புறம் இருட்டு. வெயில் நுழையாத இடத்தில்தான் தேனீ இந்தப் பிசினைப் பூசுகிறது. கிருமிக்கு எதிராக, பூஞ்சைக்கு எதிராக, சந்து இடுக்குகளை அடைக்கப் பூசுகிறது. வெயிலுக்காக அது பிசின் சேர்க்கவில்லை. 'தேனீக்கள் பல கோடி ஆண்டுகளாகப் பயன்படுத்தும் வெயில் காப்பு' என்று எந்தப் புட்டியிலாவது எழுதியிருந்தால் அது தேனீயின் வாழ்க்கைக்கே பொருந்தாத பேச்சு.

அப்படியானால் வெயிலோடு இந்தப் பிசினுக்குத் தொடர்பே இல்லையா? உண்டு. அந்தத் தொடர்பு தேனீயிடம் இல்லை, செடியிடம் இருக்கிறது. நமக்கு வெயில் சுட்டால் நிழலுக்கு ஓடுகிறோம். செடி நின்ற இடத்திலேயே நின்றாக வேண்டும். வெயிலைத் தின்றுதான் வாழவும் வேண்டும். அதனால் இலையின் மேல்தோலில் ஃபிளவனாய்டுகள், சின்னமிக் அமில வகைப் பொருள்கள் ஆகியவற்றைச் சேர்த்து வைக்கிறது. இவை ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய ஒளியை உள்ளே விட்டுவிட்டு, புறஊதா பி கதிர்களை உறிஞ்சிக்கொள்கின்றன. இந்தப் பொருள்களை உண்டாக்க முடியாத செடி வகைகளை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தபோது, அவை புறஊதாக் கதிர் பட்டதும் மற்றச் செடிகளைவிட மோசமாகப் பாதிக்கப்பட்டன. மொட்டுப் பிசினிலும் இதே குடும்பப் பொருள்கள் செறிந்திருக்கின்றன. பாப்லர் பிசினில் பினோசெம்பிரின், கிரைசின், காலாஞ்சின் என்ற ஃபிளவனாய்டுகளும், காஃபியிக் அமில ஃபீனெத்தில் எஸ்டர் என்ற பொருளும் உண்டு. ஆக, செடி தனக்காகச் செய்த சரக்கைத் தேனீ வேறொரு வேலைக்கு எடுத்துப்போனது. மனிதன் மூன்றாவது வேலைக்கு அதைக் கேட்கிறான். கேட்பதில் தவறில்லை. கிடைக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இனி வெயிலைப் பற்றிக் கொஞ்சம். சூரியனிலிருந்து வரும் புறஊதாக் கதிர்களில் சி வகை முழுவதையும், பி வகையில் பெரும்பகுதியையும் ஓசோன் படலம் வடிகட்டிவிடுகிறது. தரைக்கு வந்து சேரும் புறஊதாக் கதிரில் சுமார் 95 விழுக்காடு ஏ வகை. மீதிதான் பி வகை. அளவில் சிறியதென்றாலும் பி வகைதான் தோலைக் கன்றவைக்கிறது. நம் தோல் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. ஏணியில் அடுத்தடுத்த இரண்டு படிகளைத் தவறாக ஒட்டவைத்துவிடுகிறது. செல் அதைப் பழுதுபார்க்கிறது. பார்க்கத் தவறியவை சேர்ந்து சேர்ந்து புற்றுநோய்க்கு வழிவகுக்கலாம். ஏ வகை இன்னும் ஆழமாகப் போகும். சாதாரணக் கண்ணாடியைத் தாண்டியும் வரும். தோலுக்குள் ஆக்சிஜனைக் கட்டவிழ்த்துவிட்டது போன்ற ஒரு நிலையை உண்டாக்கும். அந்தத் துடிப்பான ஆக்சிஜன் மூலக்கூறுகள் கொழுப்பையும் புரதத்தையும் தாக்கும். தோலுக்கு உறுதி தரும் கொலாஜனை அரிக்கும் நொதிகள் பெருகும். சுருக்கம், தடிப்பு, கரும்புள்ளி, மங்கு எல்லாம் இந்த வழியில் வருபவை.

'நமக்குத்தான் கருத்த தோல் இருக்கிறதே, வெயில் என்ன செய்யும்?' என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதில் பாதி உண்மை. மெலனின் நமக்குக் கிடைத்த பெரிய வரம். 1979இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கறுப்பினத்தவரின் மேல்தோல் புறஊதா பி கதிருக்கு எதிராகச் சராசரியாக 13.4 மடங்கு காப்புத் தருவதாகவும், வெள்ளையரின் மேல்தோல் 3.4 மடங்கு தருவதாகவும் கணக்கிட்டார்கள். நம் மக்களுக்குத் தோல் புற்றுநோய் குறைவாக வருவதற்கு இதுவே பெரிய காரணம். ஆனால் மங்கு நம்மிடம்தான் அதிகம். வெயில் பட்ட இடத்தில் அரித்துத் தடிக்கும் ஒவ்வாமை நம்மிடம் சாதாரணம். அதோடு மெலனினுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வு அதைக் காட்டியது. புறஊதா ஏ பட்ட மெலனின், வெயில் நின்ற பிறகும் மூன்று மணி நேரத்துக்கு மேல், இருட்டிலேயே டி.என்.ஏ. சேதத்தைத் தொடர்ந்து உண்டாக்கிக்கொண்டிருந்தது. வெயிலிலிருந்து வீட்டுக்குள் வந்துவிட்டோம் என்பதால் வெயில் நம்மை விட்டுவிட்டது என்று பொருளில்லை.

இந்தக் கண்டுபிடிப்பு நம் பிசினுக்கும் முக்கியமானது. வெயில் நின்ற பிறகும் சேதம் தொடர்கிறதென்றால், வெயில் நின்ற பிறகு பூசும் ஒரு பொருளுக்கும் வேலை இருக்கலாம். துவட்டும் துண்டுக்கு அங்கேதான் இடம்.

சரி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன? ஆஸ்திரேலியாவில் சிட்னி ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு என் மனத்துக்கு மிகப் பிடித்தது. உரோமம் இல்லாத சுண்டெலிகளின்மேல் சூரிய ஒளியைப் போன்ற செயற்கை ஒளியைப் பாய்ச்சி, அதற்குப் பிறகு சிட்னிப் பகுதித் தேனீப் பிசினைத் தோலில் பூசினார்கள். பூசிய எலிகளுக்கு வீக்கம் குறைந்தது. தோல் கொழுப்பின் ஆக்சிஜனேற்றம் குறைந்தது. வெயிலால் தோலின் நோயெதிர்ப்பு ஒடுங்குவதும் குறைந்தது. பிசினின் அளவு கூடக் கூடப் பலனும் கூடியது. பூசியது வெயிலுக்குப் பின் என்பதால், கதிரை மறித்ததால் இந்தப் பலன் வந்தது என்று சொல்லவே முடியாது. உள்ளே எரியத் தொடங்கியதைத் தணித்ததால் வந்த பலன் இது.

2011இல் பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பச்சை, பழுப்பு என்ற இருவகைப் பிசின்களை எலிகளில் சோதித்தார்கள். புறஊதாக் கதிர் பட்டால் தோலில் குளூட்டாதையோன் என்ற காப்புப் பொருள் கரைந்துபோகும். பிசின் கொடுத்த எலிகளில் அந்த இழப்பு கணிசமாகக் குறைந்தது. ஆனால் கொலாஜனைச் சிதைக்கும் நொதிகளின் பெருக்கம் குறையவில்லை என்பதையும் அதே ஆய்வு மறைக்காமல் பதிவு செய்தது. 2013இல் ருமேனியாவிலிருந்து வந்த ஆய்வும், பிசின் பூசிய எலித் தோலில் அழற்சியும் ஆக்சிஜனேற்றச் சேதமும் குறைந்ததைக் காட்டியது. மூன்று கண்டங்கள், நான்கு விதப் பிசின்கள், ஒரே திசையில் விடை. இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. மருத்துவனாக நான் இதை மதிக்கிறேன்.

ஆனால் இவை எல்லாம் எலியின் தோலில் நடந்தவை. எலித்தோல் மெல்லியது. மனிதத் தோலின் மேலடுக்கு தடித்தது. பூசியதில் எவ்வளவு உள்ளே போகும் என்பது இரண்டிலும் வேறுபடும். ஆய்வுக்கூடத்து எலி வியர்வையில் நனைந்து நாற்று நடுவதில்லை. எலியில் வென்று மனிதனிடம் தோற்ற பொருள்கள் மருத்துவ வரலாற்றில் ஏராளம்.

அடுத்ததாக, விளம்பரங்கள் அதிகம் எடுத்துக்காட்டும் எண்ணுக்கு வருகிறேன். எஸ்.பி.எஃப். என்ற வெயில் காப்பு எண் உங்களுக்குத் தெரியும். எஸ்.பி.எஃப். 15 என்றால் தோலைக் கன்றவைக்கும் கதிரில் சுமார் 93 விழுக்காட்டைத் தடுக்கும். 30 என்றால் சுமார் 97. 50 என்றால் சுமார் 98. இந்த எண்ணை முறைப்படி கண்டுபிடிக்க மனிதத் தன்னார்வலர்கள் வேண்டும். அவர்கள் முதுகில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் களிம்பைப் பூசி, அளந்த ஒளியைப் பாய்ச்சி, பூசாத இடம் எப்போது சிவக்கிறது, பூசிய இடம் எப்போது சிவக்கிறது என்று ஒப்பிட வேண்டும். செலவும் உழைப்பும் அதிகம். இதற்கு ஒரு குறுக்கு வழியை 1986இல் பிரேசிலைச் சேர்ந்த மன்சூர் குழுவினர் வகுத்தார்கள். பொருளை ஆல்கஹாலில் கரைத்து, ஒரு சிறிய பளிங்குக் குடுவையில் ஊற்றி, 290 முதல் 320 நானோமீட்டர் வரை அது எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று கருவியில் அளந்து, ஒரு சூத்திரத்தில் போட்டு எண்ணைப் பெறுவது. முதல்கட்டச் சல்லடையாக இது மிகப் பயனுள்ள முறை. தாவரப் பொருள்களைப் பற்றிய பல கட்டுரைகளில் நீங்கள் பார்க்கும் எஸ்.பி.எஃப். எண் இந்தக் குடுவையில் பிறந்ததுதான்.

குடுவையில் பிசின் நன்றாகவே ஒளியை உறிஞ்சுகிறது. வெனிஸ் நகர ஆய்வாளர்கள் 2011இல் இதை அளந்து, கதிரை உறிஞ்சும் பண்பும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பண்பும் ஒன்றுசேர்ந்த பொருள் என்று பிசினைப் பரிந்துரைத்தார்கள். இதில் வியப்பில்லை. கடைகளில் கிடைக்கும் பல சன்ஸ்கிரீன்களில் இருக்கும் ஆக்டினாக்சேட் என்ற செயற்கைப் பொருளும் சின்னமிக் அமிலக் குடும்பத்துப் பிள்ளைதான். ஆனால் குடுவையில் ஒரே சீராகக் கரைந்து நிற்கும் பொருள், தோலின் மேடு பள்ளங்களில் அப்படி நிற்பதில்லை. வியர்வையில் வழியும், கைபட்டு அழியும், ஒளிபட்டுச் சிதையும். புறஊதா ஏ முழுவதையும் அந்தச் சோதனை அளப்பதே இல்லை. அந்த எண்ணை அப்படியே புட்டியின்மேல் ஒட்டி விற்றால் அது வாங்குபவரை ஏமாற்றுவதாகும்.

இதனால்தான் அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகள் அங்கீகரித்துள்ள புறஊதா வடிகட்டிகளின் பட்டியலில் தேனீப் பிசின் இல்லை. மனிதத் தோலில் தனியாகப் பூசிப் பார்த்து, இதை முழு வெயில் காப்பு என்று நிறுவிய பெரிய மருத்துவச் சோதனையும் இல்லை. உதட்டு அக்கி, வாய்ப்புண் போன்றவற்றில் பிசினை மனிதர்களிடம் முறையாகச் சோதித்திருக்கிறார்கள். அந்தக் கவனத்தை வெயில் விஷயத்திலும் காட்ட வேண்டும் என்பது என் கோரிக்கை.

மக்கள் இயற்கைப் பொருளைத் தேடுவதற்கு நியாயமான காரணம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் இரண்டும் பவளப்பாறைகளைக் கெடுக்கின்றன என்ற அச்சத்தால், அவை கலந்த சன்ஸ்கிரீன்களின் விற்பனையைத் தடைசெய்யும் சட்டத்தை ஹவாய் மாநிலம் 2018இல் இயற்றியது. 2021 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சில வடிகட்டிகள் தோல் வழியே இரத்தத்தில் கலப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2019இல் காட்டினார்கள். அதனால் தீங்கு நேர்ந்ததாக அந்த ஆய்வு சொல்லவில்லை. மேலும் ஆராய வேண்டும் என்றது. இந்தக் கவலை உள்ளவர்களுக்கு நல்ல மாற்று ஏற்கெனவே இருக்கிறது. துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு என்ற இரண்டு கனிமத் தூள்களையும் பாதுகாப்பும் பயனும் உடையவை என்று அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு 2019இல் முன்மொழிந்தது. வேதிப் பொருளுக்கு அஞ்சுகிறவர்கள் அவற்றின் பக்கம் போகலாம். காப்பே இல்லாமல் வெயிலில் இறங்க வேண்டியதில்லை.

பிசின் வாங்க விரும்புகிறவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். பிசின் என்பது ஒரே பொருளின் பெயரில்லை. பொதுவாகப் பாதியளவு மரப் பிசினும், சுமார் 30 விழுக்காடு மெழுகும், 10 விழுக்காடு வாசனை எண்ணெயும், கொஞ்சம் மகரந்தமும் பிறவும் கலந்தது என்பார்கள். ஆனால் அந்தப் பாதிக்குள் என்ன இருக்கிறது என்பது மரத்தைப் பொறுத்தது. ஐரோப்பியப் பிசின் பாப்லரிலிருந்து வருகிறது. பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்துப் பச்சைப் பிசின் பாக்கரிஸ் என்ற புதர்ச் செடியின் குருத்திலிருந்து வருகிறது. அதன் முக்கியப் பொருள் ஆர்ட்டெபில்லின் சி. அதே நாட்டின் அலகோவாஸ் மாநிலத்துச் சதுப்புநிலக் காடுகளில் கிடைக்கும் சிவப்புப் பிசின் டால்பெர்ஜியா என்ற செடியின் செந்நிறச் சாறு. 2012இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தைவானிலும் ஜப்பானின் ஒகினாவாவிலும் மக்கரங்கா மரம். சிட்னிப் பிசினுக்குக் கிடைத்த ஆய்வு முடிவை அலகோவாஸ் பிசினுக்குச் சொந்தம் கொண்டாட முடியாது. புட்டியில் 'புரோபோலிஸ்' என்று மட்டும் இருந்தால் உங்களுக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம்.

நம் ஊர்ப் பிசின் என்ன ஆயிற்று என்று தேனீ வளர்க்கும் நண்பர்கள் கேட்பீர்கள். மார்த்தாண்டம் தொடங்கித் தமிழகம் எங்கும் பெட்டிகளில் நாம் காலங்காலமாக வளர்த்துவருவது இந்தியத் தேனீ, அதாவது அடுக்குத் தேனீ. அது பிசின் சேர்ப்பது மிக அரிது. பெட்டியைத் திறக்கும்போது கை ஒட்டாமல் இருப்பது அதனால்தான். கொம்புத் தேனீ, தன் கூடு தொங்கும் கிளையின் இருபுறமும் பிசின் வளையம் போட்டு எறும்பைத் தடுக்கும், அவ்வளவே. அள்ளி அள்ளிச் சேர்ப்பது இரண்டு. ஒன்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த இத்தாலியத் தேனீ. மற்றொன்று நம் சுவர் ஓட்டைகளிலும் மரப்பொந்துகளிலும் வாழும் கொட்டாத கொசுத்தேனீ. கொசுத்தேனீ மெழுகையும் பிசினையும் குழைத்தே தன் வீட்டைக் கட்டுகிறது. நம் மரங்களின் பிசினில் என்னென்ன இருக்கிறது, அது தோலுக்கு என்ன செய்யும் என்பதை முழுமையாக ஆராய நம் வேளாண் கல்லூரிகளும் மருந்தியல் கல்லூரிகளும் முன்வர வேண்டும். வெளிநாட்டு எண்ணைக் கடன் வாங்கி நம் பிசினை விற்பதைவிட, நம் பிசினுக்கு நம் எண்ணைக் கண்டுபிடிப்பது தேனீ வளர்ப்பவருக்கும் நல்லது, வாங்குபவருக்கும் நல்லது.

இனி எச்சரிக்கை. இயற்கையாகக் கிடைப்பதால் ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. தோல் ஒவ்வாமைக்குத் தேனீப் பிசின் நன்கு அறியப்பட்ட காரணம். தேனீ வளர்ப்பவர்களின் கைகளில் இதை நூறாண்டுகளுக்கும் மேலாக மருத்துவர்கள் பார்த்துவருகிறார்கள். ஒட்டுச் சோதனை செய்துகொள்ளும் தோல் நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவர் முதல் ஆறு பேர்வரை இதற்கு எதிர்வினை காட்டுகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. ஒவ்வாமையை உண்டாக்குபவை காஃபியிக் அமிலத்தின் எஸ்டர்கள். எந்தக் குடும்பத்துப் பொருள்கள் கதிரை உறிஞ்சுகின்றன என்று சற்றுமுன் சொன்னேனோ, அதே குடும்பம்தான் சிலரின் தோலைப் புண்ணாக்குகிறது. நல்ல குணத்தை மட்டும் வைத்துக்கொண்டு கெட்ட குணத்தை நீக்கிவிடுவது இங்கே எளிதில்லை. பெரு பால்சம் என்ற வாசனைப் பிசினுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மங்கு உள்ள முகத்தில் ஒவ்வாமை வந்து ஆறினால் அந்த இடம் முன்னைவிடக் கருத்துப்போகும். மங்கைப் போக்கப் பூசியது மங்கைக் கூட்டிவிடும்.

ஆகவே பூச விரும்புகிறவர்கள் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிய இடத்தில் ஒரு வாரம், காலை மாலை இருவேளையும் பூசிப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அந்தப் பொருளை விட்டுவிடுங்கள். பெட்டியிலிருந்து சுரண்டி எடுத்த, சுத்திகரிக்காத பிசினை நேரடியாக முகத்தில் தேய்க்காதீர்கள். அதில் மெழுகும் தூசியும் மரத்தூளும் இருக்கும். மரம் குறைந்த இடத்தில் தேனீ உலராத பெயிண்டையும் தாரையும்கூடக் கால் கூடையில் எடுத்துவரும். சாலையோரப் பெட்டிகளின் பிசினில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. தேனீப் பொருள்களால் மூச்சிரைப்பு வருகிறவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

வெயில் காப்பு யாருக்கு மிகவும் தேவை? சீரம் வாங்கக்கூடியவர்களுக்கா? தூத்துக்குடி உப்பளத்தில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைப் பாத்திகளுக்கு நடுவே நிற்கும் பெண்ணுக்கு, கட்டடத்தின் மேல்தளத்தில் கம்பி கட்டும் இளைஞருக்கு, வயலில் குனிந்து நிற்கும் அம்மாவுக்கு, கடலில் வலை இழுக்கும் மீனவருக்கு, வண்டியில் உணவுப் பொட்டலம் கொண்டு ஓடும் பிள்ளைக்கு. புறஊதாக் குறியீடு 3ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை என்றும், 11ஐத் தொட்டால் மிகக் கடுமை என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் கோடை நண்பகலில் 11ஐத் தாண்டுவது சாதாரணம். இவர்களுக்கு நான் பிசினைப் பரிந்துரைக்க மாட்டேன். அகன்ற விளிம்புள்ள தொப்பி, நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை, நிழலில் இடைவேளை, காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரையிலான கடும் வெயிலில் வேலையைக் குறைத்தல் ஆகியவைதான் முதல் மருந்து. கண்ணுக்குள் புரையும், வெண்விழியில் சதை வளர்ச்சியும் வெயிலால் வருகின்றன. அங்கே எந்தக் களிம்பையும் பூச முடியாது. தொப்பியும் கண்ணாடியும்தான் காக்கும். இவற்றை வாங்கிக் கொடுப்பதும் நிழற்கூடம் அமைப்பதும் வேலை வாங்குகிறவரின் கடமை.

வெளியே போகிற மற்றவர்களுக்கு என் அறிவுரை எளிமையானது. துணியால் மூடாத இடத்தில் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட, ஏ வகைக் கதிரையும் தடுக்கும் சன்ஸ்கிரீனைத் தாராளமாகப் பூசுங்கள். பெரும்பாலோர் பூச வேண்டியதில் பாதிகூடப் பூசுவதில்லை. அதனால் புட்டியில் உள்ள எண்ணின் பலன் கிடைப்பதில்லை. வியர்த்தால், இல்லாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, மறுபடி பூசுங்கள். மங்கு உள்ளவர்கள் இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீனைக் கேட்டு வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும், அதைத் தடுக்க நிறமில்லாத களிம்பால் முடியாது. வீடு திரும்பி முகம் கழுவிய பிறகு, ஒவ்வாமை இல்லையென்று உறுதி செய்துகொண்டவர்கள், தேனீப் பிசின் கலந்த களிம்பைப் பூச விரும்பினால் பூசிக்கொள்ளுங்கள். ஆய்வுகள் அதற்குக் காட்டும் இடம் அதுதான்.

மாணவ மாணவியரே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி எந்த இயற்கைப் பொருளைப் பற்றிய வியப்பான செய்தியைப் படித்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த ஊர், எந்தச் செடியின் பொருள்? எதன்மேல் சோதித்தார்கள்: குடுவையிலா, எலியிலா, மனிதரிலா? எவ்வளவு பூசினார்கள், எப்போது பூசினார்கள்? இந்த மூன்றுக்கும் விடை இருந்தால் நம்புங்கள். இல்லாவிட்டால் விடை வரும்வரை காத்திருங்கள். உங்களில் யாராவது அந்த விடையைத் தேடிப் போய், நம் கொசுத்தேனீயின் பிசினை மனிதத் தோலில் முறையாகச் சோதித்துப் பார்த்தால், அதைவிடப் பெரிய மகிழ்ச்சி எனக்கு இல்லை. அதுவரை பகலில் நிழலும் துணியும் சன்ஸ்கிரீனும் உங்களைக் காக்கட்டும்.